சருமத்தின் நிறத்தைச் சமப்படுத்துவது: எதை, எப்போது, எந்த வரிசையில் பூசுவது

மருந்துக்கடைக்கு வந்து "முகத்தில் கருமை போக எந்த சீரம் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். கருமை எங்கே, எப்படி இருக்கிறது? இப்போது முகத்தில் என்னென்ன பூசுகிறீர்கள்? சன்ஸ்கிரீன் போடுகிறீர்களா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் வாங்கும் சீரம் பெரும்பாலும் பாதி தீர்வதற்குள் அலமாரி மூலைக்குப் போய்விடுகிறது.

இலக்கு என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெயில் அதிகம் படாத அந்த இடத்தின் நிறம்தான் உங்கள் இயல்பான நிறம். முகத்திலும் கழுத்திலும் உள்ள திட்டுகள் அந்த நிறத்தை ஒட்டி வருவதற்கான வழிதான் இது. அதைவிட வெளுப்பாக்குவதாகச் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். காரணம் 3-ம் படியில் இருக்கிறது.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

மென்மையான ஃபேஸ் வாஷ் ஒன்று, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் ஒன்று, சன்ஸ்கிரீன் ஒன்று. கருமைக்கான பொருளை இப்போதே வாங்க வேண்டாம். 5-ம் படி வரை படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஒரு புகைப்படம். ஜன்னல் அருகில், காலை வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், நேராக ஒன்றும் இரு பக்கமும் ஒவ்வொன்றும் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகத்தில் மெதுவாக நடக்கும் மாற்றம் கண்ணுக்குப் படாது. "ஒன்றுமே ஆகவில்லை" என்று நிறுத்தப் போனவர்கள் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தொடர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. எந்த வகைக் கருமை என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாக் கருமைக்கும் ஒரே மருந்து கிடையாது. சிலவற்றுக்குப் பூச்சு மருந்தே வேலை செய்யாது.

பரு, கொப்புளம், காயம், கொசுக்கடி ஆறிய இடத்தில் விழும் பழுப்புத் தழும்பு நம் நிறத்தவர்களுக்கு மிகச் சாதாரணம். தோல் எங்கே அழற்சி அடைந்தாலும் அங்கே மெலனின் என்ற நிறமி கூடுதலாகச் சுரக்கிறது. இந்த வழிகாட்டிக்கு நன்றாகக் கட்டுப்படுவது இந்த வகைதான்.

இரு கன்னங்களிலும், நெற்றியிலும், மேலுதட்டிலும் வரைபடம் போலப் பரவும் பழுப்புத் திட்டு மங்கு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அதிகம் வரும். வெயிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இதைக் கிளப்பும். மங்கு குறையும், ஆனால் கவனிக்காமல் விட்டால் திரும்ப வரும். அதை ஏற்றுக்கொண்டு தொடங்கினால் ஏமாற்றம் குறைவு.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கருத்திருந்தால் அதைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது வரும் மாற்றம் அது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையும் சேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கழுத்து கருத்தால் "சரியாகக் குளிப்பதில்லை" என்று திட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் குழந்தைக்குத் தேவை ரத்தப் பரிசோதனை.

நெஞ்சிலும் முதுகிலும் மெல்லிய செதிலோடு வரும் வெளிர் அல்லது பழுப்புத் தேமல் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். வெளிர்ந்த அல்லது சிவந்த படையில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்த் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும்.

மச்சத்தையும் மேடான மருக்களையும் சீரம் கரைக்காது. மச்சம் வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இன்னொரு அடையாளம். திட்டு தெளிவான பழுப்பாக இருந்தால் நிறமி தோலின் மேலடுக்கில் இருக்க வாய்ப்பு அதிகம்; சில மாதங்களில் மங்கும். சாம்பல் அல்லது நீலம் கலந்து தெரிந்தால் ஆழத்தில் இருக்கிறது. அதற்குக் காலம் பல மடங்கு ஆகும்.

2. கருமையை உண்டாக்குவதை நிறுத்துங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஒரு பக்கம் புதுத் தழும்பு விழுந்துகொண்டே இருக்கும்போது மறுபக்கம் பழையதை மங்க வைத்து என்ன பயன்?

முதல் குற்றவாளி தேய்ப்பு. பீர்க்கங்காய் நார், நைலான் நார், வால்நட் ஓடு போட்ட ஸ்க்ரப், கரகரப்பான குளியல் பொடி எல்லாமே தோலை உரசி மெல்லிய அழற்சியை உண்டாக்குகின்றன. முதுகிலும் மேல்கையிலும் அலை அலையாகக் கருத்து, அரிப்பும் இருப்பவர்களிடம் கேட்டால் பலர் வருடக்கணக்கில் நார் போட்டுத் தேய்ப்பவர்களாக இருப்பார்கள். அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், இன்னும் கருக்கும். நாரைத் தூக்கிப் போடுங்கள். கையாலேயே சோப்பு போட்டால் போதும்.

பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் பருவுக்குச் சிகிச்சை. கிள்ளுவதும் பிதுக்குவதும் ஒரு வாரத்தில் ஆறும் பருவைப் பல மாதத் தழும்பாக மாற்றிவிடும்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதில் உள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டு, கொப்புளமும் பிறகு கரும்படையும் உண்டாக்கும். பற்பசை, சமையல் சோடா வைத்தியங்களும் வேண்டாம்.

நெற்றியின் ஓரமும் காதோரமும் சாம்பல் நிறத்தில் கருத்தால் தலைச் சாயத்தைச் சந்தேகியுங்கள். பொட்டு வைக்கும் இடம் மட்டும் கருத்தாலோ வெளுத்தாலோ ஒட்டும் பொட்டின் பசையோ குங்குமத்தில் உள்ள சாயமோ காரணமாக இருக்கலாம். மூக்குக் கண்ணாடி அழுத்தும் இடமும் இப்படித்தான். காரணத்தை எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

3. இப்போது பூசிக்கொண்டிருக்கும் க்ரீமை எடுத்துப் பாருங்கள்

புதிதாக எதையும் தொடங்கும் முன் பழைய ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். இரண்டு ஆபத்துகளைத் தேட வேண்டும்.

ஒன்று, ஸ்டீராய்டு. மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு (இவை பற்றி 5-ம் படியில்) ஸ்டீராய்டும் சேர்ந்த கூட்டு க்ரீம்கள் மங்குக்கு மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிக் கொடுப்பவை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று அதையே மாதக்கணக்கில் பூசும்போதுதான் பிரச்சினை வருகிறது. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் வருவதால் மறுபடி அதையே பூசுவார்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் தாமாக எதுவும் செய்ய வேண்டாம். ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு, பாதரசம். மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் சீக்கிரம் வெளுப்பாக்கும். அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் முக க்ரீம் பூசி வந்த சிலருக்குச் சிறுநீரில் புரதம் கசியும் நோய் கண்டறியப்பட்டது. அவர்கள் பூசியவற்றில் பாதரசம் மிக அதிகமாக இருந்தது. தயாரிப்பாளரின் முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, பொருள்களின் பட்டியல் இவற்றில் ஏதாவது இல்லாத க்ரீமை வாங்காதீர்கள். இறக்குமதிப் பொருள் என்றால் இந்தியப் பதிவு எண் இருக்க வேண்டும். இரண்டே வாரத்தில் நிறம் ஏறியது என்றால் மகிழ வேண்டாம், பயப்படுங்கள். அப்படி ஒன்றைப் பூசிக்கொண்டிருந்து, காலோ முகமோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே மருத்துவரிடம் க்ரீமையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

4. இரண்டு வாரம் சன்ஸ்கிரீன் மட்டும்

ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இந்த இரண்டு வாரத்தில் வேறெதுவும் வேண்டாம். காரணம் இரண்டு. தேய்ப்பாலும் கண்ட வைத்தியத்தாலும் நொந்த தோல் ஆறிக்கொள்ளும். அதோடு, சன்ஸ்கிரீன் பழக்கம் நிலைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அது நிலைக்காவிட்டால் மீதிப் பணத்தைச் செலவழிக்கவே வேண்டாம். இரவு பூசும் எந்தப் பொருளின் வேலையையும் மறுநாள் வெயில் அழித்துவிடும்.

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், பிஏ+++ அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்குங்கள். எஸ்பிஎஃப் என்பது முக்கியமாகத் தோலைச் சுடும் கதிரைக் குறிக்கும். கருக்க வைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் யுவிஏ கதிருக்கான அளவு பிஏ. யுவிஏ ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். அதனால் பேருந்திலும் காரிலும் ஜன்னலோரம் உட்காருகிறவர்களுக்கும் இது தேவை.

அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு இழுத்தால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். அதில் கால் பங்கு பூசினால் எஸ்பிஎஃப் 50 என்று அட்டையில் எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை. காதையும் பின்கழுத்தையும் மறக்காதீர்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையைத் துடைத்த பிறகு மறுபடி பூச வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் குடையும் துப்பட்டாவும் அகல விளிம்புத் தொப்பியும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு.

மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறமூட்டப்பட்ட சன்ஸ்கிரீன் வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலைக் கருக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு தடுக்கும். வெள்ளை படிகிறது என்ற குறையும் இதில் குறைவு.

5. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

மெலனின் உருவாவதில் மூன்று கட்டங்கள் உண்டு. டைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் நிறமி உண்டாகிறது. பிறகு அது மேலடுக்குச் செல்களுக்குக் கடத்தப்படுகிறது. கடைசியில் செல்கள் உதிரும்போது அதுவும் உதிர்கிறது. ஒவ்வொரு பொருளும் இவற்றில் ஏதோ ஒரு கட்டத்தில் வேலை செய்கிறது. எது எங்கே என்று தெரிந்தால், ஒரே வேலையைச் செய்யும் மூன்று புட்டிகளை வாங்க மாட்டீர்கள்.

நியாசினமைடு: கடத்தலைக் குறைக்கும். 4 முதல் 5 சதவீதம் போதும். 10 சதவீதம் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று வாங்குபவர்களில் சிலருக்கு எரிச்சலும் சிவப்பும்தான் மிஞ்சும். எண்ணெய் வழியும் தோலுக்கும், எதைப் போட்டாலும் எரியும் தோலுக்கும் இதில் தொடங்குவது நல்லது.

அசெலைக் அமிலம்: என் கணிப்பில் நம் தோலுக்கு இருப்பதிலேயே அதிக மதிப்புள்ள பொருள் இது, அதற்கேற்ற கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. பருவையும் அடக்கும், பரு விட்ட தழும்பையும் மங்க வைக்கும். அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்களைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. இயல்பான தோலை வெளுக்க வைப்பதில்லை. கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம். 10 சதவீதத்தில் தொடங்குங்கள். 15, 20 சதவீதம் மருத்துவர் சொன்னால். முதல் சில வாரங்கள் பூசியதும் குறுகுறுவென்று அரிக்கும். தோல் சிவக்காமல் சில நிமிடங்களில் அடங்கினால் தொடரலாம்.

வைட்டமின் சி: நொதியையும் தடுக்கும், வெயிலின் பாதிப்பையும் சற்றுக் குறைக்கும். அதனால் காலையில் சன்ஸ்கிரீனுக்கு அடியில் பூசுவது பொருத்தம். அஸ்கார்பிக் அமிலமாக 10 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் காற்றும் வெப்பமும் பட்டால் சீக்கிரம் கெடும். மே மாதச் சென்னையில் ஜன்னல் திண்டில் வைத்த புட்டி வெகுநாள் தாங்காது. தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் எறிந்துவிடுங்கள். சிறிய, அடர்நிறப் புட்டியாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஆல்ஃபா அர்புட்டின், கோஜிக் அமிலம், அதிமதுரச் சாறு: மூன்றும் நொதியைத் தடுப்பவை, ஒன்று போதும். அர்புட்டின் 2 சதவீதம் வரை மென்மையானது. கோஜிக் 1 சதவீதத்திலேயே சிலருக்கு ஒவ்வாமை தரும். அதிமதுரம் சாதுவானது, மெதுவானது.

ட்ரானெக்சாமிக் அமிலம்: அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரையாகக் கொடுக்கும் அதே மருந்துதான். பூச்சாக 2 முதல் 5 சதவீதம், மங்கு உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. மங்குக்கு மாத்திரையாகவும் தருவதுண்டு, ஆனால் ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் மருத்துவர் விசாரித்துத்தான் தர வேண்டும். வீட்டில் கிடக்கும் மாத்திரையை எடுத்து விழுங்காதீர்கள்.

ரெட்டினால், அடபலீன், ட்ரெட்டினாயின்: செல்கள் உதிர்வதை வேகப்படுத்தும். இரவில் மட்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. வாரம் இரண்டு இரவில் தொடங்கிக் கூட்ட வேண்டும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் தொடவே கூடாது. அடபலீனும் ட்ரெட்டினாயினும் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியவை.

கிளைகாலிக், லாக்டிக், மான்டெலிக் அமிலங்கள்: இவையும் உதிர்ப்பவை. மான்டெலிக்கின் மூலக்கூறு பெரியது, மெல்ல இறங்கும், மாநிறத் தோலுக்குப் பாதுகாப்பானது. வாரம் ஒன்றிரண்டு முறை போதும். இணையத்தில் கிடைக்கும், தோலை உரிய வைக்கும் 30 சதவீதப் பீல்களை வீட்டில் போடாதீர்கள். தோல் வெந்தால் அந்த இடம் முன்பைவிடக் கருக்கும்.

ஹைட்ரோகுவினோன்: பலமானது, மருத்துவர் கண்காணிப்பில் சில மாதங்களுக்கு மட்டும். நீண்ட காலம் பூசினால் நீலக்கருமை படிந்து நிரந்தரமாகிவிடக் கூடும்.

சரி, எதில் தொடங்குவது? பருத் தழும்புக்கு அசெலைக். மங்குக்கு ட்ரானெக்சாமிக் அல்லது அசெலைக். வெயிலில் கருத்து மங்கலாகத் தெரியும் முகத்துக்கு வைட்டமின் சி. எல்லாம் எரியும் தோலுக்கு நியாசினமைடு.

6. முகத்துக்கு முன் கையில் பூசிப் பாருங்கள்

முழங்கையின் உள்மடிப்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலையும் இரவும், ஒரு வாரம் பூசுங்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு "ஒன்றும் செய்யவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது; ஒவ்வாமை சில நாள் கழித்துத்தான் தலை காட்டும். அரிப்போடு தடித்தால் அந்தப் பொருள் உங்களுக்கு இல்லை.

7. காலை, இரவு வரிசை

காலையில் முகம் கழுவி, வைட்டமின் சி அல்லது நியாசினமைடு, அது காய்ந்ததும் மாய்ஸ்சரைசர், கடைசியில் சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனுக்கு மேல் எதையும் குழைத்துத் தேய்த்தால் அந்தப் படலம் கலைந்துவிடும். மேக்கப் போடுவதானால் சில நிமிடம் விட்டு, ஒற்றி எடுத்துப் போடுங்கள்.

இரவில் சன்ஸ்கிரீன் போகக் கழுவி, முகம் முழுக்கக் காய்ந்த பிறகு அசெலைக் அல்லது ரெட்டினால், அதன் மேல் மாய்ஸ்சரைசர். ஈரத்தோடு பூசினால் இந்த இரண்டும் கூடுதலாக எரியும். எரிச்சல் அதிகமென்றால் மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு அதன் மேல் மருந்தைப் பூசுங்கள். வீரியம் சற்றுக் குறையும், ஆனால் தோல் தாங்கும். கண் இமை, உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகிய இடங்களைத் தவிருங்கள்.

திட்டின் மேல் மட்டும் புள்ளி வைப்பதைவிட முகம் முழுக்க மெல்லப் பூசுவது பெரும்பாலும் நல்லது. நாளைக்குத் தெரியப்போகும் கருமை இன்று கண்ணுக்குத் தெரியாது.

8. இரண்டாவது பொருள்

முதல் பொருள் நான்கு வாரம் எரிச்சல் இல்லாமல் ஓடிய பிறகு, வேறு கட்டத்தில் வேலை செய்யும் ஒன்றைச் சேர்க்கலாம். காலையில் நியாசினமைடு, இரவில் அசெலைக் என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும் ஜோடி. ரெட்டினாலையும் கிளைகாலிக்கையும் ஒரே இரவில் போடாதீர்கள்.

இரண்டையும் ஒன்றாகத் தொடங்கி முகம் எரிந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்போது நல்லதும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

எரிச்சல், செதில், இறுக்கம் வந்தால் எல்லாச் சீரத்தையும் நிறுத்திவிட்டு 4-ம் படிக்குத் திரும்புங்கள். "உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரிச்சலே புதுக் கருமைக்கு விதை.

9. பன்னிரண்டாம் வாரம்

அதே ஜன்னல், அதே நேரம், மறுபடி படம் எடுங்கள். தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்படவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அப்படி இரண்டு மூன்று சுற்று முடிந்தால்தான் மாற்றம் படத்தில் பிடிபடும். திட்டின் ஓரம் மங்கியிருக்கிறதா, புதுத் திட்டு வருவது நின்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று நடந்திருந்தாலும் அதையே தொடருங்கள். புட்டியை மாற்ற வேண்டாம்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் முதலில் சன்ஸ்கிரீன் அளவைச் சரிபாருங்கள். அதுவும் சரி என்றால் தோல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். போகும்போது பூசிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், இரண்டு படங்களையும் காட்டுங்கள். கருமை வேகமாகப் பரவினாலோ, உடல் முழுக்கவும் உள்ளங்கை ரேகையிலும் வாய்க்குள்ளும் கருத்தாலோ, சோர்வும் எடைக்குறைவும் சேர்ந்திருந்தாலோ பன்னிரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். காரணம் தோலில் இல்லாமல் உடலுக்குள் இருக்கலாம்.

10. மங்கிய பிறகு

பருத் தழும்பு போய்விட்டால் கருமைக்கான பொருளை ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு நாள் என்று குறைத்து நிறுத்தலாம். மங்குக்காரர்கள் அப்படி முழுதாக நிறுத்த வேண்டாம். நியாசினமைடோ அசெலைக்கோ வாரம் சில நாள் ஓடட்டும். கோடை தொடங்கும் பங்குனியிலேயே தினசரி அளவுக்குத் திரும்பிவிடுங்கள். ஹைட்ரோகுவினோனை மட்டும் மருத்துவர் சொன்ன தேதியில் நிறுத்தியே ஆக வேண்டும். சன்ஸ்கிரீனுக்கு நிறுத்தும் தேதி கிடையாது. ஒரு ட்யூப் தீரும் முன்னே அடுத்ததை வாங்கி வையுங்கள்.